பட்டுப்போன கிளை

மருத்துவமனைப் பிரார்த்தனை அறையின் சுவரில் மரம் வரைந்தவள் ஒரு தையல்காரி. வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன். அங்கே வருஷக்கணக்காகச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். கூடப் பிறந்தவர் நல்லதுதான் செய்வார் என்று நம்பினாள். நன்றாகத்தான் செய்தார்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்தது அந்த மருத்துவமனையில்தான். ஜன்னலுக்கு நேரே அந்த மரம் நின்றது. அதன் பட்டுப்போன கிளையில் தினமும் காலையில் ஒரு மைனா வந்து உட்காரும். "சாமி வந்துருச்சு" என்று அம்மா படுத்தபடியே கைகூப்புவாள். அம்மா போன பிறகு, வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மரத்தையும் சாய்த்துவிட்டார்கள். தையல்காரி அந்தக் கிளையில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தாள். மேலே பிடித்த தகரத்தில் பிசுபிசுவென்று படிந்த புகைக்கரியைச் சுரண்டி, பசையில் குழைத்து, அதைக்கொண்டே சுவரில் கிளையை வரைந்தாள்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. "நோயாளிங்க வந்து கும்பிடுற எடத்துல காஞ்ச கிளை எதுக்கும்மா? நாலு இலை போட்டு விடுங்க."

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் கிளை முழுக்கப் பச்சை. சுவருக்கு அடிக்கும் பட்டைத் தூரிகையால் அப்பிய இலைகள். யார் கைவரிசை என்று கேட்கவே வேண்டாம்.

"இலைதானே போட்டேன், விஷமா வச்சேன்?" என்றார் அண்ணன். அந்த வாயோடு பேச்சு வைத்துக்கொள்ளப் பிடிக்காமல் திரும்பிவிட்டாள்.

சில நாளில் இலைகளை மீறிப் பழுப்பாகக் கறை கிளம்பியது. அண்ணன் மறுபடி பூசினார். மறுபடியும் வந்தது, இந்த முறை முழுக் கிளையாக. புகைக்கரி தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்டுக்கு அடங்காது, மீறிக் கசியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தங்கச்சி கடையில் வாங்கிய கறுப்புப் பெயின்டைத்தான் பூசியிருப்பாள் என்று நினைத்துவிட்டார்.

எண்ணெய்ப் பெயின்ட் டப்பாவோடு அவர் மூன்றாம் முறை வந்தபோது அவள் அங்கே நின்றிருந்தாள்.

"என்ன கருமத்தப் பூசித் தொலைச்ச?"

"அம்மா பார்த்துக்கிட்டே கெடந்த கிளை. எரிச்சுப் பூசினேன்."

டப்பாவில் தோய்த்த தூரிகை நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"மாசக்கணக்கா அம்மா மேல கெடந்தா. நீ கீழ சுவருக்குப் பூசிக்கிட்டிருந்த. ஒரு நாள் மாடியேறி வந்திருந்தா அம்மாவே காட்டியிருப்பா."

அண்ணன் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "எந்த ரூம்?" என்று கேட்டார்.

அதுகூடத் தெரிந்திருக்கவில்லை அவருக்கு.