பூசைக்கு முந்தின நாள் வேம்பாருக்கு

காலை 6.40. திருநெல்வேலியில் தூத்துக்குடி வண்டி ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் வரும் புதுக்கோட்டை தாண்டும்போது தூறல் விழுந்தது. நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், முழங்கால் வலிக்காரி. எந்தப் பயணத்துக்கும் முணுமுணுக்காமல் கிளம்பியதில்லை. இந்த முறை திட்டுவதற்கு ஆளும் இருந்தது. கல்லூரியில் என்னோடு படித்த பிரகாசி இப்போது கன்னியாஸ்திரி. வீடில்லாத நோயாளிகளுக்காக அவளுடைய சபை தூத்துக்குடியில் ஓர் இல்லம் நடத்துகிறது. அங்கே குணமான ஒருவரை அவர் அக்கா வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவும் இன்றைக்கே என்று போனில் உத்தரவு போட்டிருந்தாள்.

8.15. இல்லத்து வராந்தாவில் ஒருவர், புதிதாக வந்து சேர்ந்த கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். குணமானவர்கள்தான் புதிதாக வருபவர்களைக் குளிப்பாட்டி முடி வெட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். சவரம் செய்தவர்தான் நான் கூட்டிப்போக வேண்டிய தொம்மை. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். தோணியில் வேலை பார்த்தவர். காசநோய் வந்ததும் ஊருக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசல்களிலும் நான்கு வருடம் கிடந்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் தூக்கிக்கொண்டு வந்தபோது எழுந்து உட்காரத் தெம்பில்லையாம். மாத்திரைகளை முடித்து, டாக்டர் நோய் போய்விட்டது என்று சொல்லியும் அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை.

“நீயே கூட்டிட்டுப் போனா என்ன?” என்று பிரகாசியைக் கேட்டேன்.

“ஏளா, சும்மா மொனங்காத. நான் இந்த உடுப்போட போய் எறங்குனா ஊரே கூடிரும். அவரு கூச்சத்துல திரும்பி வந்துருவாரு.”

இன்றைக்கே ஏன் என்று தொம்மையிடம் கேட்டேன். சவரக் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நாளைக்குக் கல்லறைத் திருநாளு, டீச்சர். செத்தவங்க பேர கோயில்ல வாசிப்பாக. எம் பேரும் வருசா வருசம் வாசிக்காகளாம். சிஸ்டர் அங்க உள்ள பங்குச் சாமியார்ட்ட போன்ல கேட்டாக. அதுக்குள்ள போயிரணும்.”

கடற்கரை ஊர்களில், கடலில் போனவனின் உடல் கிடைக்கும் என்று யாரும் கடைசிவரை காத்திருப்பதில்லை. தகவல் இல்லாத தோணிக்காரனுக்குச் சில வருடம் பார்த்துவிட்டுப் பூசை வைத்துவிடுவார்கள். தொம்மை கரையில்தான் கிடந்தார் என்பதை யார் கண்டார்கள்?

9.20. வேம்பார் பஸ். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தருவைகுளம் வரை இருபுறமும் உப்பளம், மழைக்குப் பயந்து குவியல்களை ஓலையால் மூடியிருந்தார்கள். குளத்தூர் தாண்டியதும் பனைகள். தொம்மை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை.

“அக்காட்ட முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“போன்ல சொன்னா நம்பமாட்டா. நேர்ல பாத்தா அடிப்பா. அடிச்சுட்டாள்னா போதும் டீச்சர். பேசாம உள்ள போயிட்டாள்னாத்தான்...”

கண்டக்டர் வேம்பார்க்காரர். யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். ரோசம்மாள் வீட்டுக்கு என்று அக்காவின் பெயரை நான்தான் சொன்னேன். “அந்தக்கா இப்ப வீட்ல இருக்கமாட்டாக. கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போயிருப்பாக” என்றார்.

10.50. கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாகப் புல் பறித்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஓர் அம்மாள் தனியாகக் குந்தியிருந்தார். சிலுவைப் பீடத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், மூன்றாவதாகத் தொம்மை. அந்தப் பெயருக்குக் கீழே மட்டும் ‘கடலில்’ என்று எழுதியிருந்தது.

“யக்கா” என்றார் தொம்மை.

அந்த அம்மாள் திரும்பவில்லை. “அந்த வாளிய இங்கன தள்ளுங்க.”

தொம்மை வாளியைத் தள்ளினார். ரோசம்மாள் முதலில் அந்தக் கையைப் பார்த்தார். பிறகுதான் முகத்தை. வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்போடு ஓங்கித் தம்பியின் தோளில் அடித்தார், இன்னொரு தடவையும் அடித்தார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“எங்கலே போய்த் தொலஞ்ச?”

“சீக்கு வந்துட்டுக்கா. சளியில ரத்தம். நீ ஒம் மவளுக்கு மாப்பிள பாத்துட்டு இருந்த. சீக்காளி மாமன் வீட்ல கெடந்தா அவள யாரு கெட்டுவா?”

“அந்தப் பிள்ள அவ மவனுக்கு ஒம் பேரத்தாம்ல வச்சிருக்கா” என்றார் ரோசம்மாள். சொல்லிவிட்டு அழுதார். தொம்மையும் அழுதார். நானும்தான், மறைப்பானேன்.

அழுது முடித்ததும் ரோசம்மாள் மட்டையைத் தம்பி கையில் கொடுத்தார். “நீயே அடி.”

தொம்மை தன் பெயர்மேல் சுண்ணாம்பு அடித்தார். கறுப்பு எழுத்து அப்படியே தெரிந்தது. மறுபடி அடித்தார். அப்போதும் தெரிந்தது.

“போகலியேக்கா” என்றார், பயந்துபோன குரலில்.

“ஈரத்துல அப்படித்தான் தெரியும். காயட்டும். உக்காரு.”

12.30. விடைபெற எழுந்தேன். மழை வருமோ என்று இருவரும் வானத்தைப் பார்த்தபடி கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆற்றங்கரை ஊரில் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதோடு சரி, பெயரை எங்கும் எழுதி வைப்பதில்லை. அது நல்ல வழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். எழுதி வைத்தால்தானே ஒருவன் வந்து அழிக்க முடியும் என்று இப்போது தோன்றியது.

“சிஸ்டர்ட்ட என்ன சொல்லட்டும்?” என்று ரோசம்மாளைக் கேட்டேன்.

“நான் கோவமா இருக்கேன்னு சொல்லுங்க. இவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

அப்படிச் சொன்னவரின் சுண்ணாம்புக் கை, தம்பியின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. நான் கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோதும் விடவில்லை.