ரச்சுப் பொருத்தத்துக்கு ஒரு ரீஃபண்ட்

ஆனந்தராசாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய மேசையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் வந்து குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், பென்ரோஸ் என்ற பக்கம், ஒரு பெரிய வெயார்ஹவுஸ். இணையத்தில் உடுப்பு, சப்பாத்து, சமையல் சாமான் எல்லாம் விற்கிற கடை ஒன்றுக்குச் சொந்தமானது. வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற அத்தனையும் கடைசியில் வந்து சேர்வது ஆனந்தராசாவின் மேசைக்கு. பெட்டியைப் பிரித்து, சாமானைப் புரட்டிப் பார்த்து, 'பாவிக்கவில்லை, காசைக் கொடுக்கலாம்' என்றோ 'பாவித்தது, கொடுக்க முடியாது' என்றோ கணினியில் பதிவதுதான் அவருடைய வேலை.

அந்த மேசையடியில் அவர் வேறு மனிதர். 'ஒருநாளும் உடுக்கவில்லை' என்ற குறிப்போடு வருகிற சட்டையின் கைப்பக்கத்தை ஒரு தரம் மோந்து பார்ப்பார். அது போய் வந்தது பிறந்தநாளுக்கா கலியாணத்துக்கா, அங்கே சாப்பாடு ஆட்டிறைச்சியா கோழியா என்பதுவரை சொல்லிவிடுவார். சப்பாத்தின் அடியில் ஒரு புல் நுனி ஒட்டியிருந்தாலும் போச்சு. இரக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கூட வேலை செய்யும் இளசுகள் அவருக்கு 'மிஸ்டர் நோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

மவுண்ட் ரோஸ்கில்லில் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். அங்கே அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்ததை யாரும் கேட்டதில்லை. காரணம், மனைவி கௌரி. கௌரி கடைக்குப் போவதே சாமான் திருப்பிக் கொடுக்கத்தான் என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். ஒரு மாதம் சோறு காய்ச்சிய ரைஸ் குக்கரை, "சத்தம் வருகுது" என்று சொல்லி முழுக்காசும் வாங்கி வந்தவள் அவள். ரைஸ் குக்கர் என்றால் சத்தம் வராமல் பாட்டா வரும்? ஆனால் கடைக்காரப் பிள்ளை கௌரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் காசை எண்ணிக் கொடுத்துவிட்டாள். அந்த நேரமெல்லாம் ஆனந்தராசா கார் தரிப்பிடத்தில், இருக்கையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். பார்க்கச் சகிக்காது அவருக்கு.

"பிழை அவங்களில இல்லாட்டி ஏன் காசைத் திருப்பித் தாறாங்கள்? தங்கட சாமான் கூடாதெண்டு அவங்களுக்கே தெரியும்" என்பாள் கௌரி, காரில் ஏறி பெல்ட்டைப் போட்டபடி.

"ஓம்" என்பார் மிஸ்டர் நோ.

இவர்களுக்கு ஒரே மகள், லக்ஷிகா. மருந்தகத்தில் வேலை. அவளுக்கும் ஒனிஹங்காவில் சொந்தமாகக் குழாய் வேலை செய்யும் கௌசிகனுக்கும் விருப்பம். வீட்டில் சொன்னபோது பெரிய போர் வெடிக்கும் என்று ஆனந்தராசா காதைப் பொத்தத் தயாராக இருந்தார். வெடிக்கவில்லை. கௌசிகன் முதல்தரம் வீட்டுக்கு வந்த அன்றே குசினித் தொட்டியின் கீழே புகுந்து, வருடக்கணக்காக ஒழுகிய குழாயைத் திருத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு, "சரி அன்ரி, இனிச் சொட்டாது" என்றான். கௌரி அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டாள்.

"நல்ல பெடியன். சாதகக் குறிப்பு மட்டும் பொருந்திச்சுதெண்டால் காணும்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அவர்களுடைய சாத்திரியார் இப்போதெல்லாம் போனே எடுப்பதில்லை. ஆகவே கௌரி தன் போனில் ஒரு சாதகச் செயலியை, பிள்ளைகள் பாஷையில் 'அப்' ஒன்றை, இறக்கினாள். முதல் ஒரு கிழமை இலவச ட்ரயல். இரண்டு பேருடைய பிறந்த நேரத்தையும் இடத்தையும் கொடுத்ததும் பத்துப் பொருத்தத்தில் மூன்றைக் காட்டியது. தினம், கணம், வசியம். மூன்றுக்கும் பச்சைச் சரி. மீதி ஏழையும் மூடுபனிக்குள் வைத்துக்கொண்டு, 'முழு அறிக்கையையும் இப்போதே வாங்குங்கள்!' என்று ஒரு செம்மஞ்சள் பொத்தான் துடித்தது.

ஆனந்தராசாவின் தொழில் புத்தி உடனே விழித்துக்கொண்டது. பெட்டியைப் பிரிக்காதவரைக்கும்தான் எல்லாப் பொருளும் நல்ல பொருள் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

"மூண்டும் பச்சைதானே கௌரி. இதோட விடும். மிச்சமும் பச்சையாத்தான் இருக்கும்" என்றார்.

"பிறகேன் பாக்கப் பயப்பிடுறியள்?" என்று கேட்டுக்கொண்டே கௌரி பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

காசு கழிந்தது; மூடுபனி விலகியது. ஏழில் ஆறு பச்சை. ஒன்று சிவப்பு. அந்த ஒன்று ரச்சு. ரச்சு என்பது தாலிக்குரிய பொருத்தம். மற்ற ஒன்பதும் இருந்தும் அது இல்லாவிட்டால் கலியாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்பது கௌரியின் வீட்டில் எழுதாத சட்டம். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து போய், சொட்டாத குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

அன்று பின்னேரம் லக்ஷிகா வந்து கத்தினாள். "அம்மா, சீரியஸ்லி? இட்ஸ் ஜஸ்ட் அன் அப்!"

"உனக்கு அப். எனக்கு என்ர பிள்ளையின்ர தாலி. நீங்கள் செய்யிறதெண்டால் செய்யுங்கோ. நான் மண்டபத்துக்கு வரமாட்டன்."

லக்ஷிகா தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் தன் காலைப் பார்த்தார். "நீங்க வராட்டி எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்று மகள் தெளிவான தமிழில் சொன்னாள். கோபம் வந்தால் இங்கிலீசில் பொரிந்து தள்ளுகிறவள் தமிழில் மெதுவாகச் சொன்னதைத்தான் ஆனந்தராசாவால் தாங்க முடியவில்லை. அவளுக்குக் கலியாணமும் வேண்டும், தாயும் வேண்டும். இரண்டையும் ஒரே மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்த ஒரு வழி தெரியாமல் அவர் சோறு இறங்காமல் திரிந்தார்.

இதில் கூத்து என்னவென்றால், கலியாணம் வேண்டாம் என்று நின்ற கௌரி, ஞாயிற்றுக்கிழமைகளில் கௌசிகனுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கட்டி அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. "ரச்சு இல்லாட்டிப் பெடியன் பட்டினி கிடக்கிறதோ?" என்று கேட்டாள்.

வெயார்ஹவுஸில் பக்கத்து மேசை வின்சென்ற். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்.

"எங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை அண்ணை. பாதர் மூண்டு ஞாயிறு கோயில்ல கலியாண ஓலை வாசிப்பார். ஒருத்தரும் எழும்பித் தடையெண்டு சொல்லாட்டிச் சரி. அதுதான் எங்கட ட்ரயல்." சொல்லிக்கொண்டே ஒரு மிக்ஸியை ஸ்கான் பண்ணினார். திரையில் அந்த விற்பனை அழிந்தது. "பாருங்கோ, காசைத் திருப்பிக் குடுத்தாச்சு, இனி இது விக்கவே இல்லை. பிறந்த குழந்தை மாதிரி."

ஆனந்தராசாவின் கையில் இருந்த சப்பாத்து கீழே விழுந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் நுழைந்தார். "கௌரி, அந்த அப்காரர் காசைத் திருப்பித் தந்தால் என்ன அர்த்தம்?"

"சாமான் கூடாதெண்டு அர்த்தம்" என்றாள் கௌரி. அவளுக்கு இது யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை.

"அப்ப ரச்சு?"

கௌரி அகப்பையோடு திரும்பினாள். சட்டியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கொள்கை தன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "தந்தாங்கள் எண்டால் ரச்சுப் பிழையெண்டு அவங்களே ஒத்துக்கொண்ட மாதிரித்தான்" என்றாள் கடைசியில். "கேட்டுப் பாருங்கோ."

இப்படியாக, நாட்டிலேயே கடுமையான ரீஃபண்ட் அதிகாரி, மனைவியின் போனோடு சோபாவில் உட்கார்ந்து முதல்தரமாக ஒரு ரீஃபண்ட் கேட்கத் தொடங்கினார்.

செயலிகளை விற்கும் இணையக்கடை, ஏன் வேண்டாம் என்று ஒரு காரணத்தைத் தெரிவுசெய்யச் சொன்னது. 'தவறுதலாக வாங்கிவிட்டேன்.' பொய்; கௌரியின் பெருவிரல் தவறுதலாக எதையும் செய்ததில்லை. 'என் பிள்ளை அனுமதியில்லாமல் வாங்கியது.' பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது. 'எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை.' அதை அழுத்தினார். எதிர்பார்த்தது பச்சை, வந்தது சிவப்பு. இதைவிட உண்மை என்ன வேண்டும்?

அடுத்த நாளே பதில் வந்தது. மன்னிக்கவும், கொடுக்க முடியாது. வேண்டுமானால் செயலியைச் செய்த கம்பெனியோடு நேரே தொடர்புகொள்ளுங்கள். ஆனந்தராசா விடவில்லை. நல்ல இங்கிலீசில் அந்தக் கம்பெனிக்கு எழுதினார். 'ஒரு பொருள் எதற்காக விற்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ய வேண்டும். உங்களுடையது பொருத்தம் பார்க்கும் செயலி. ஆனால் அது பொருந்தியிருந்த இரண்டு பேரைப் பிரித்துவிட்டது. ஆகவே பழுது.' எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். தன் மேசைக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சிரித்திருப்பார் என்று தெரிந்தது. இருந்தும் அனுப்பினார். மகளுக்காக மனிதர் எதைத்தான் செய்யமாட்டார்?

கம்பெனி மிக மரியாதையாகப் பதில் போட்டது. காசுக்குப் பதிலாக இன்னொரு மாத ட்ரயல் இலவசமாகத் தருகிறோம். அத்தோடு ரச்சுக்குப் பரிகாரம் சொல்லும் பகுதி பாதி விலைக்கு. ஆனந்தராசா வேண்டாம் என்றார். மறுபடி எழுதினார். மறுபடியும் எழுதினார். கடைசியாக ஒரு வரி வந்தது: 'அறிக்கை திறந்து பார்க்கப்பட்டுவிட்டதால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது.'

அந்த வரியை அவர் நன்றாக அறிவார். சொல் வேறென்றாலும் தினமும் தன் கையால் பதிகிற வரி. அது இப்படிக் குத்தும் என்று இத்தனை வருடமும் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் கழுத்துப் பக்கத்தில் கறி பட்ட சட்டை ஒன்று வந்தது. 'பாவிக்கவில்லை' என்று பதிந்துவிட்டார். வின்சென்ற் ஓடிவந்து அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வீட்டில் சொல்லத்தான் வேண்டும். மழை விட்டு, வெயில் எறித்து, மறுபடி மழை தூறிய ஒரு சனிக்கிழமை, வாசலிலேயே நின்று சொன்னார். "தரமாட்டாங்களாம் கௌரி. முடிவாச் சொல்லிப்போட்டாங்கள்."

இத்தோடு எல்லாம் முடிந்தது, மகளுக்கு என்ன முகத்தோடு சொல்வது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, கௌரியின் மூக்கு சிவந்தது.

"என்னது? தரமாட்டினமோ?"

"திறந்து பாத்தாச்சாம்."

"திறந்து பாக்காமல் பொருத்தம் எப்பிடிப் பாக்கிறது? மணந்து பாத்தோ?" கௌரியின் குரல் பக்கத்து வீடுவரை போனது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கடை அவளுக்கு இல்லையென்று சொன்னதில்லை. "சோறு காய்ச்சின குக்கருக்கே தந்தவங்கள்! நல்ல சாமான் விக்கிறவன் காசைத் திருப்பிக் குடுக்கப் பயப்பிடுவானோ? கள்ளர்! முழுக் கள்ளர்! இந்தக் கள்ளருக்கு என்ர பிள்ளையின்ர ரச்சைப் பற்றி என்ன தெரியும்?"

ஆனந்தராசா வாசல் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிள்ளைக்குப் போன் எடுங்கோ. மண்டபம் கிடைக்குமோ எண்டு கேக்கச் சொல்லுங்கோ. அந்த அப்பை நம்பி நான் என்ர வீட்டுக் கலியாணத்தை நிப்பாட்டுறதோ?"

லக்ஷிகா போனிலேயே அழுதாள். தாயும் அழுதாள். கௌசிகன் ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல், குளியலறைக் குழாயையும் ஒருக்கால் இறுக்கிவிட்டுப் போனான். ஆனந்தராசா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேரும் சோபாவில் இருந்து, கௌரியின் போனில் அழைப்பிதழ் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் ஆனந்தராசாவின் கையில். பிள்ளையார் வைத்த ஒன்றைக் கௌரி உற்றுப் பார்க்கும்போது, திரையின் மேலே இங்கிலீசில் ஒரு ஈமெயில் வந்து விழுந்தது. 'உங்கள் கோரிக்கையை மீண்டும் பரிசீலித்தோம். நல்லெண்ண அடிப்படையில் உங்கள் பணத்தை முழுவதுமாகத் திருப்பி அனுப்பியுள்ளோம். உங்களுக்கு நேர்ந்த மனக்கஷ்டத்துக்கு வருந்துகிறோம்.'

ஆனந்தராசா போனைத் தன் பக்கம் சரித்துக்கொண்டார். காசைத் தராதவன் கள்ளன் என்றுதான் கலியாணம் நடக்கிறது. இப்போது காசையும் தந்து மன்னிப்பும் கேட்டால், கள்ளன் நல்லவனாகிவிடுவான். நல்லவன் சொன்ன ரச்சு? காசு தந்தால் ரச்சுப் பிழை என்று அவளே முன்பு ஒத்துக்கொண்டதுதான். ஆனால் கௌரியின் இரண்டு கொள்கையில் இன்று எது எழும்பி நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? தயவுசெய்து உங்கள் காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதலாமா? அதற்கு எந்தக் கடையிலும் ஒரு படிவம் இல்லை.

"என்ன அது?" என்றாள் கௌரி.

"ஒண்டுமில்லை. விளம்பரம்."

"தாங்கோ பாப்பம்."

அவரால் அப்போதும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கொடுத்துவிட்டார். கௌரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஈமெயிலைத் திறந்தாள். இங்கிலீசை அவள் ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைத்துத்தான் வாசிப்பாள். அந்த உதடுகளையே ஆனந்தராசா பார்த்துக்கொண்டிருந்தார். அவை நல்லெண்ணத்தைத் தாண்டின. ரீஃபண்டில் ஒரு கணம் நின்றன. மனக்கஷ்டத்துக்குப் போய் முடிந்தன. பிறகு அவள் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

வாசித்து முடித்ததும் பெருவிரலை வைத்து அதை அழித்தாள்.

"ஓம், விளம்பரம்தான்" என்றாள். "அந்தப் பிள்ளையார் வைச்சதைத் திரும்ப எடுங்கோ."