பதினைந்தோடு நின்ற வாஷர்கள்

நெய்னா காக்கா போய்விட்டார் என்ற செய்தி தம்மாமில் என் ஆபீசுக்குத் தந்தியாக வந்தது. துபாயிலிருந்து அவர் மருமகன் அடித்திருந்தார். நான் அப்போது ஏதோ ஒரு சர்க்குலர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தந்தியைப் படித்தேன், மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், மீதிச் சர்க்குலரையும் அடித்து முடித்து அதிகாரியின் மேஜைக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். என் பிழைப்பு அப்படிப்பட்டது. அதைப் பற்றியும் இதில் சொல்லியாக வேண்டும்.

துபாய் தேராவில் அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வந்த உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? கீழக்கரைக்காரர். காட்லாக் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். கடைக்கு எது வந்து இறங்கினாலும், பேரிங் பெட்டியோ பழைய காகிதக் கட்டோ, வந்த கிழமையைக் காதில் செருகிய பென்சிலால் அதன் மேல் எழுதாமல் உள்ளே விடமாட்டார். அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் காக்கா. காக்கா என்றால் அண்ணன்; மாயவரத்திலிருந்து துபாய்க்கு ஸ்டெனோவாகப் போன எனக்கும் அவர் காக்காதான்.

ரியால் போய் திர்ஹம் நோட்டு புதிதாக வந்திருந்த காலம். அல் குசைஸ் தாண்டினால் கெட்டித் தரையும் மணலும்தான். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அங்கே கார்ப் பந்தயம். முப்பது சுற்று. காக்கா செம்புக் கம்பியில் முப்பது வாஷர்களைக் கோத்து வைத்திருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு வாஷர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். பந்தயக் கமிட்டிக் கூடாரத்தில் கணக்கு எழுதுகிறவர்களுக்கே குழப்பம் வந்தால், "அந்த வாஷர்காரரைக் கேள்" என்று ஆள் அனுப்புவார்கள். அவ்வளவு சுத்தம்.

ஸ்டாக் கார் பந்தயம் என்றால் என்ன என்று அவரிடம்தான் கேட்டேன். "ஸ்டாக்குன்னா கடையில உள்ளது உள்ளபடி, தம்பி. ஷோரூம்ல எப்படி வந்துச்சோ அப்படியே ஓடணும். ஒட்டுறது, வெட்டுறது ஒண்ணும் கெடையாது. மொதல்ல வந்தவன் மொதல்ல. இதுல என்ன வெளங்காம இருக்கு?" என்றார். எனக்கு விளங்கியது. தொழிலாளர் கேம்பிலிருந்து லாரியில் வந்து மணலில் உட்கார்ந்து பார்க்கும் பாகிஸ்தான் பட்டாணிக்கும் மலையாளிக்கும் விளங்கியது. கமிட்டிக்கு மட்டும் அது கடைசிவரை விளங்கவே இல்லை.

காரணம் தாசன். நாகர்கோவில்காரன், ஒர்க்‌ஷாப் மெக்கானிக். டாக்ஸியாக ஓடி ஓய்ந்த ஒரு ஜப்பான் காரை, கம்பெனி ஒரிஜினல் சாமான்களை மட்டுமே போட்டு, உள்ளது உள்ளபடி எழுப்பி நிறுத்தினான். சாமான் முழுக்கக் காக்கா கடையுடையது. அந்த வண்டி, கார் கம்பெனி ஏஜெண்டுகளின் பளபளக்கும் புதுக் கார்களை வரிசையாகத் தோற்கடித்தது. கமிட்டியில் இருந்ததோ அந்த ஏஜெண்டுகளின் ஆட்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தை இடித்துக் கட்டக் கையில் அதிகாரமும் இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா?

முதலில், ஜெயித்த கார் அடுத்த பந்தயத்தில் மணல் மூட்டை சுமக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் சலித்துவிடாமல் இருக்கவாம். தாசன் மூட்டையோடும் ஜெயித்தான். உடனே இன்னொரு மூட்டை. "முன்னால ஓடுனவன் முதுகுல மூட்டை, பின்னால ஓடுனவனுக்கு சோடா" என்று காக்கா துப்பினார். அவர் துப்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு புள்ளிக் கணக்கு என்று ஒன்று வந்தது. அதன்படி ஒரு பந்தயத்தில்கூட முதலில் வராத ஒருவன் பட்டியலில் முதலாவதாக நின்றான். அந்தப் பட்டியலை டைப் அடித்தவன் நான். எங்கள் மானேஜர்தான் கமிட்டிச் செயலாளர்.

ஒருநாள் காக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். ரசிகர்கள் சார்பில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம், நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். மானேஜர் முன் நின்று, "ஒங்க கார் தோக்குதுன்னா கார மாத்துங்க, ரூல மாத்தாதிய. ரூலுங்கறது ஓடுறதுக்கு முந்தி ஊரறியச் சொல்லணும். இது பந்தயமா, ஏஜெண்டு வீட்டுக் கல்யாணமா?" என்றார். நான் இங்கிலீஷில் சொன்னது, பார்வையாளர் சிலருக்குச் சின்ன மனக்குறை இருக்கிறது என்பதுதான். மானேஜர் சிரித்துக் கை கொடுத்தார். வெளியே வந்ததும் காக்கா, "நான் உப்புப் போட்டுக் குடுத்தேன் தம்பி, நீங்க கழுவிட்டுப் பரிமாறிட்டிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

அந்த வருடக் கடைசிப் பந்தயத்துக்கு வருகிறேன். அதில் ஜெயித்தால், மூட்டையையும் புள்ளிக் கணக்கையும் மீறி, கோப்பை தாசனுக்கே. புதன்கிழமை மானேஜர் என்னை அழைத்து ஒரு விதியை டிக்டேட் செய்தார். பதினைந்தாவது சுற்றில் சிவப்புக் கொடி. எல்லாக் கார்களும் நிற்க வேண்டும். யார் எவ்வளவு முன்னால் இருந்தாலும் அந்த இடைவெளி கணக்கில் வராது. ஒட்டி நிறுத்தி மறுபடி கிளப்புவார்கள். நிற்கும் நேரத்தில் யாரும் பானட்டைத் திறக்கக் கூடாது. ஏஜெண்டுகளுக்குப் பிரதி அன்றே போய்விட்டது. தாசனுக்கு மட்டும் மைதானத்தில், கூடாரத்தின் பின்பக்கம், நோட்டீஸாக. "வெள்ளிக்கிழமை வரை இது இந்த அறையை விட்டுப் போகக் கூடாது" என்றார் மானேஜர். என் விசா அவர் கையில். அடித்த முதல் பிரதியில் இரண்டு வரி கோணலாகப் போனது. அதை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு அடித்தேன்.

வாராவாரம் ஆபீசில் வீணாகும் காகிதத்தைக் கட்டிக் காக்கா கடைக்குக் கொடுப்பேன். ஸ்பார்க் பிளக் பொதிய அவருக்கு அது உதவும். அந்த வியாழக்கிழமையும் கொடுத்தேன். கட்டில் என்னென்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய பிக்கப்பில் மைதானத்துக்குப் போனோம். வழியில் அவர், "ஆபீஸ்ல புதுசா ஒண்ணும் இல்லியா தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல காக்கா" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும், "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார்.

"இல்லியே" என்றேன். அவர் கியரை மாற்றி வண்டியை விரட்டினார்.

தாசன் அன்று ஓட்டியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மூட்டைகளைச் சுமந்துகொண்டு முதல் சுற்றிலிருந்தே விரட்டினான். பின்னால் ஏஜெண்டுகளின் கார்கள் மாப்பிள்ளை ஊர்வலம் போல நிதானமாக வந்தன. அவர்களுக்குத்தான் தெரியுமே. பதினான்காவது வாஷர் நகர்ந்தபோது தாசன் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று முன்னால் இருந்தான். பதினைந்தில் கொடி விழுந்தது.

காரை ஓரங்கட்டியதும் அவன் கத்தினான். "காக்கா, தண்ணி கொதிக்கி. மூடியத் திறக்க விடமாட்டேங்கான். என்னவாம் இவனுக்கு?" கமிட்டி ஆள் கூடாரத்தின் பின்பக்கத்தைக் கைகாட்டினான். எனக்குப் பக்கத்தில் இருந்த பட்டாணி ஒருவர் செருப்பைக் கழற்றிக் கூடாரத்தின் மேல் வீசி, "கலாஸ், ரேஸ் மாஃபி", முடிந்தது, இனிப் பந்தயம் இல்லை என்று முதுகைக் காட்டி நடந்தார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போய்விட்டது. மறுபடி கிளப்பிய மூன்றாவது சுற்றில் தாசனின் எஞ்சின் சூட்டில் இறுகி நின்றுவிட்டது. கோப்பையை வாங்கியவன் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

காக்கா கொடி விழுந்த இடத்திலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டார். பிக்கப்பிலிருந்து குறடை எடுத்து, பதினைந்து வாஷர் இந்தப் பக்கம், பதினைந்து அந்தப் பக்கமாக வைத்து, கம்பியை நடுவில் முறுக்கினார். "இதுக்கு மேல எண்ணுனா நானும் அவங்க ஆளு" என்றார். அதன் பிறகு அவர் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. அந்தக் கார் பழைய இரும்புக்குப் போனது. தாசன் தோஹா தொழில்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். என்னிடம் மட்டும் காக்கா மாறவே இல்லை. சனிக்கிழமை கடைக்குப் போனேன், வழக்கம்போல சுலைமானி டீ வரவழைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு அதைக் குடித்தேன். பிறகு தம்மாமுக்கு வேலை மாறி வந்தும், நான்கு வருடமாக, போகிற இடத்திலெல்லாம், அந்தக் கமிட்டியை அயோக்கியர்கள் என்று உரக்கத் திட்டியும் வந்திருக்கிறேன்.

போன வாரம் துபாயிலிருந்து வந்த ஒருவர் வசம் மருமகன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே அந்த வாஷர் கம்பி, முறுக்கியது முறுக்கியபடியே. அதைச் சுற்றியிருந்த காகிதம் நான் அடித்தது. இரண்டு வரி கோணல். பதினைந்தாவது சுற்று என்ற இடத்தில் பென்சில் கோடு. ஓரத்தில் காக்காவின் கையெழுத்தில் கிழமை: வியாழன்.

மருமகன் எழுதியிருந்தார்: "இந்தக் காயிதத்தை மாமா பெட்டியில தனியா வச்சிருந்தாக. நீங்க குடுத்துட்டுப் போன அன்னைக்கே படிச்சாக. தாசன்ட்ட சொல்லிருவோமே மாமான்னு நான் கேட்டேன். அவன் மொத ரவுண்டுல மெதுவாப் போனாலே யாரு சொன்னதுன்னு கமிட்டிக்குத் தெரிஞ்சிரும், அடிச்சது தம்பி ஒருத்தருதானன்னாக. தம்பியே நம்மகிட்ட சொல்லட்டும், அப்ப வேற வழி பாப்போம்னாக. நீங்க சொல்லலையாம். 'வண்டி அடுத்த வெள்ளிக்கிழமையும் ஓடும், விசா போனா தம்பிக்கு ஊருக்குக் கப்பல்தான்'னு சொல்லிட்டு, என்னையும் வாயத் தொறக்க வேணாம்னுட்டாக."

பிக்கப்பில் அவர் இரண்டு தடவை கேட்டது அதற்காகத்தான். கமிட்டியின் மேல் இத்தனை வருடம் நான் துப்பியதெல்லாம் இப்போது என் மூஞ்சியிலேயே வந்து விழுந்திருக்கிறது. விதி அவர்களுடையது. அதை அடித்த விரலும், மூடிக்கொண்ட வாயும் என்னுடையவை. தான் உயிராய் நேசித்த ஒரே பந்தயத்தை என் வேலைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, என்னிடம் அதைக் கடைசிவரை சொல்லாமல் போய்விட்டார் அந்த மனிதர்.

காகிதத்தைத் தோஹாவில் இருக்கும் தாசனுக்கு, ஒரு கடிதத்தோடு, ஆள் வசம் அனுப்பிவிட்டேன். அவன் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கம்பியை மட்டும் வைத்துக்கொண்டேன். டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.