அறுத்த வயலில் இறங்கிய விமானம்

காலபோக நெல் அறுப்பு முடிந்திருந்தது. கண்டாவளையில் எங்கள் வயலில் நானும் கணவரும் மாடுகளுக்கு வைக்கோல் சேர்த்துக்கொண்டிருந்தோம். வானத்தில் சின்ன விமானம் ஒன்றின் இரைச்சல் கேட்டது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் அந்தப் பக்கத்தால் இடைக்கிடை பறப்பதுண்டு. சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், அந்தச் சத்தம் எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்க்காமல் என்னால் அடுத்த வேலையைத் தொட முடியாது.

அன்று சத்தம் இருமுவதுபோலத் தடுமாறி, சட்டென்று நின்றது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. வாய்க்காலுக்குள் முகங்குப்புறக் கிடந்தேன்.

"இஞ்சரும், எழும்பும்! அது குண்டு போட வரேல்லை. விழப்போகுது!" என்று கணவர் கத்தினார்.

தலையைத் தூக்கினேன். வெள்ளை விமானத்தின் முன்னாலிருந்த காற்றாடி அசையாமல் நின்றது. விமானம் பனைகளுக்கு மேலால் சத்தமில்லாமல் சரிந்து வந்து, அரிதாளைக் கிழித்துக்கொண்டு வயலில் ஓடியது. நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். உருண்டு வந்த முன்சில்லு வரம்பில் மோதி முறிந்தது. மூக்கு மண்ணில் குத்த, வால் மேலே கிளம்பியது.

கணவர் மண்வெட்டியோடு ஓடினார். "கிட்ட வராதையும், பெற்றோல் மணக்குது!"

முன்னுக்கு ஓரடி வைப்பதும் பின்னுக்கு வருவதுமாக நின்றேன். பிறகு ஓடினேன்.

உள்ளே இருவர். ஓட்டப் பழகும் சிங்களப் பிள்ளை ஒருத்தி. என் மகளின் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவளுக்குப் பழக்குகிறவர், கொழும்புத் தமிழர். கணவர் மண்வெட்டியால் கதவை நெம்ப, நான் அவளின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் வர மறுத்தாள். அவரின் கால் இறுகிக் கிடந்தது. கடைசியில் அவள் உள்ளிருந்து தள்ள, நாங்கள் வெளியிலிருந்து இழுத்து, அவரைத்தான் முதலில் எடுத்தோம்.

இருவரையும் மருதமர நிழலில் இருத்தினோம். அவளின் நெற்றியில் இரத்தம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. வயலைக் காட்டிக் காட்டி எதையோ கேட்டாள். எழும்பி ஓடப் பார்த்தாள்.

"என்ன கேக்கிறா?" என்று அவரிடம் கேட்டேன்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இறங்கும்போது வயல்ல ஒரு ஆள் விழுந்ததைப் பார்த்தாளாம். மோதிட்டோமா, செத்துட்டாங்களான்னு கேக்கிறா."

என் சட்டை முழுக்க வாய்க்கால் சேறு. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "அது நான்தான் பிள்ளை. ஒண்டும் படேல்லை. நானாத்தான் விழுந்தனான்."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏன் விழுந்தீர்கள் என்று கேட்கிறாள் என்றார்.

"பழக்கம் எண்டு சொல்லுங்கோ."

அவர் நான் சொன்னதைவிட நீளமாக எதையோ அவளுக்குச் சொன்னார். அவள் என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

இஞ்சினுக்கு எரிபொருள் போகும் குழாயில் ஏதோ உடைந்ததாம் என்று விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். விமானத்தைக் கழற்றி லொறியில் ஏற்றும்வரை இராணுவம் காவல் நின்றது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இருந்தால் வயலுக்குப் போகவேண்டும் போலிருக்கும். வயலுக்குப் போனால் வீட்டுக்கு.

இரண்டு மாதம் கழித்து, சிறுபோக விதைப்பு நேரம், அவள் என் கணவரின் போனுக்கு அழைப்பு எடுத்தாள். அவளோடு நின்ற பழக்கியவர், தன் கால் சுகம் என்றார். அவள் எனக்கென்று தமிழில் சொல்லப் பழகி வைத்திருந்தாள்: "அம்மா, நாளைக்கு நான் திரும்பப் பறக்கிறேன்."

"சாப்பிட்டியே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கணவரிடம் நீட்டினேன்.

அடுத்த நாள் முழுக்கக் குசினிக்கும் முற்றத்துக்குமாகத் திரிந்தேன். பொழுதுபடப் போன் அடித்தது. கணவர் எடுத்துப் பழக்கியவரோடு கதைத்தார்.

"இறங்கிட்டாவாம்" என்றார்.