சித்தப்பா பிரெஞ்சுக்காரர் ஆன தேர்தல்

எங்கள் வீட்டில் ஒரே பானைச் சோற்றை இரண்டு நாட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காரைக்காலில் இது ஒன்றும் அதிசயமில்லை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்த சொல்தா. பழைய பிரெஞ்சுச் சிப்பாய்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று அறுபத்திரண்டில் அறிவித்தபோது, தாத்தா பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அப்பாவுக்கு அப்போதே வயது வந்து, பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்திருந்தது. அவர் இந்தியராகவே நின்றுகொண்டார். ஆக, காலையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்கிற தாத்தா பிரெஞ்சுக்காரர், இட்லி தின்கிற மற்ற எல்லோரும் இந்தியர்கள் என்று ஒன்பது வயதில் நான் தீர்மானமாக நம்பியிருந்தேன்.

அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டிலேயே பெரிய இந்தியர் சித்தப்பாதான். ஐம்பத்துநான்கில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயத்தில் எட்டு வயதுப் பையனாக அவர் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினாராம். அவரே சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு தெரு கூடும். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வீட்டுக்கு ரேஷன் கார்டு வரவில்லை, எந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சைக்கிளில் சுற்றுவதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் சட்டசபைத் தேர்தல் வந்தபோது, சுயேச்சையாக நிற்பது என்று முடிவு செய்தார். அப்பா வேண்டாம் என்றார், தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா ஒன்றும் சொல்லாமல் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போனார். மீன் ஏலம் முடிந்திருந்தது. கூடை கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் சட்டசபை என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார்.

“முப்பது பேரை நாம ஓட்டுப் போட்டு அனுப்புறோம். அதுல நம்ம காரைக்காலுக்கு ஆறு. மூணு பேரை ஓட்டே இல்லாம டெல்லியிலேருந்து போடுவாங்க. யாரு பக்கம் பாதிக்கு மேல ஆளு இருக்கோ, அவங்க சர்க்கார் நடத்துவாங்க.”

ஒரு அம்மாள் நிமிராமலே கேட்டார்: “ஆறு பேரு அங்க போயி என்னத்த தம்பி பேசிட முடியும்? முக்காவாசி பாண்டிக்காரவங்கதானே?”

“அவங்க ரெண்டா பிரிஞ்சு சரிக்குச் சரியா நிக்கிறப்ப, நம்ம ஆறு பேரும் எந்தப் பக்கம் சாயிறமோ அந்தப் பக்கந்தாங்க்கா சர்க்கார்.”

“அப்ப நீ சாயிறதுக்குத்தான் போற.”

எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதித்தபடி அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். அவருக்கு அந்தச் சபை அவ்வளவு உண்மையாக இருந்தது. அங்கே தான் எழுந்து நின்று பேசப்போவதை அவர் மனதுக்குள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்.

சுயேச்சைகளுக்குச் சின்னம் கடைசியில்தான் கிடைக்கும். மனுக்களைப் பரிசீலித்து, வாபஸ் வாங்குகிறவர்கள் வாங்கிய பிறகு, மிச்சம் இருப்பவர்களுக்கு ஒதுக்குவார்கள். சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. சுவரெல்லாம் தன் பெயரை எழுதவைத்து, பக்கத்தில் சின்னத்துக்காக ஒரு வெற்று வட்டமும் போடவைத்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் அவர் கேட்டிருந்த படகுச் சின்னம் வரும் என்று நினைத்துக்கொண்டே போவேன்.

மனுப் பரிசீலனைக்கு அப்பாவும் கூடப் போயிருந்தார். வேட்பாளருக்கு வயது இருபத்தைந்து ஆகியிருக்கிறதா, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, இந்தியக் குடிமகன்தானா என்றெல்லாம் அதிகாரி பார்ப்பார். மற்ற வேட்பாளர்கள் ஆட்சேபம் சொல்லலாம். சித்தப்பாவின் முறை வந்ததும் எதிர்வேட்பாளரின் ஏஜெண்டு எழுந்து, “இவர் இந்தியரே இல்லீங்க, பிரெஞ்சுக்காரர்” என்றாராம். அந்த ஏஜெண்டு ஒரு பழைய சொல்தாவின் மருமகன். அந்த மாமனார்தான் அறுபத்திரண்டில் தாத்தாவோடு ஒரே பஸ்ஸில் பாண்டிக்குப் போனவர். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். அதிகாரி சிரிக்காமல், மறுநாள் காலை தகப்பனாரை அழைத்துவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வந்தபோது தாத்தா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

“அப்பா, அன்னைக்குப் பாண்டியில உங்க பேரை மட்டுந்தானே எழுதிக் குடுத்தீங்க?”

தாத்தா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். “பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்க அப்பன் எழுதிக் குடுத்தா அதுலயே அடக்கம்னு சொன்னாங்க. உனக்கு அப்பப் பதினாறு.”

எனக்கு அந்த நிமிடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அம்மா அடுக்களை வாசலில் கையில் கரண்டியோடு நின்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இட்லி தின்கிற ஒருவர் எப்படிப் பிரெஞ்சுக்காரராக இருக்க முடியும்?

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அப்பவே ரெண்டு தரம் வீட்டை விட்டு ஓடினவன் நீ. சொல்லியிருந்தா மூணாந்தரமும் ஓடியிருப்ப. பின்னால, ஒரு நாளைக்கு உனக்கே உதவும்னு விட்டுட்டேன்.”

“நாளைக்கு வந்து, என்னைச் சேர்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“ரெண்டு சர்க்காருக்கு ரெண்டு வார்த்தை சொல்ல முடியாதுடா” என்றார் தாத்தா. பிறகு ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் ரொட்டியை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் தாத்தா மெடல் குத்திய கோட்டைப் போட்டுக்கொண்டு போய் உண்மையைச் சொன்னார். பழைய காகிதங்களையும் அவரே கொண்டுபோயிருந்தார். மனு தள்ளுபடி ஆயிற்று. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்வதாகவும், தப்பித்தவறி ஓட்டுப் போடப் போனால் வழக்கு வரும் என்றும் அதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அதற்கு முன் சித்தப்பா போட்டிருந்த ஓட்டுகளைப் பற்றி அவர் நல்லவேளையாக ஒன்றும் கேட்கவில்லை.

துக்க வீடு போல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. இரண்டாம் நாளே பெண் வீட்டுக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை ‘ஊர் சுற்றி’ என்று சித்தப்பாவைத் தள்ளிவைத்தவர்கள் எல்லாம் பழத்தட்டோடு வந்து, “தம்பிக்கு நேஷனாலிட்டி இருக்குன்னு நமக்குத் தெரியாமப் போச்சே” என்றார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் பெண்ணும் பாரிசுக்குப் போகலாம். அம்மா காப்பி போட்டுக் களைத்துப்போனார். எனக்கு மட்டும் வாய் நிறைய லட்டு. சித்தப்பா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார்.

ஓட்டுப் போடும் நாளன்று அவர் விடியற்காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை வேட்டி உடுத்தினார். “எங்க தம்பி கிளம்பிட்டீங்க?” என்று அம்மா கலக்கத்தோடு கேட்டதற்கு, “சும்மா, உங்க கூட வர்றேன்” என்றார். வழியில் வெற்று வட்டங்களை நாங்கள் யாரும் பார்க்காதது போல நடந்தோம். ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ரோட்டின் மறுபக்கத்திலேயே சித்தப்பா நின்றுவிட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள், பலர் சொல்லவில்லை.

அம்மாவோடு நான் உள்ளே போனேன். வாசலை ஒட்டிய அறைதான். கூட்டம் இல்லை. மை வைத்துக்கொண்டிருந்தவரிடம் எனக்கும் என்று விரலை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இடதுகை ஆள்காட்டி விரலில் பெரிதாக ஒரு சொட்டு வைத்தார். வைத்த கணமே எனக்கு யோசனை வந்துவிட்டது. காய்வதற்குள் வெளியே ஓடினேன். ரோட்டைத் தாண்டி, சித்தப்பாவின் இடது கையைப் பிடித்து, அந்த ஈரத்தை அவர் விரலில் நகத்தோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தேன்.

“உங்களுக்கும் ஓட்டு, சித்தப்பா.”

அவர் விரலைப் பார்த்தார். அடுத்தது பளீரென்று என் கன்னத்தில் விழுந்தது.

பிறந்ததிலிருந்து என்னை அவர் அதட்டியதுகூட இல்லை. எனக்கு அழத் தோன்றவில்லை. யாரோ ஒரு அந்நிய மனிதர் சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குந்தி உட்கார்ந்து, ரோட்டு மணலை அள்ளி அந்த விரலைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மை கறுத்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்காகச் சித்தப்பா பாண்டியிலிருந்த கான்சலேட்டுக்குப் போனார். போகும்போது அந்த விரலில் வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டிருந்தார். மை பட்டு விரல் அழுகிவிட்டது, என்னால்தான் என்று நான் மாதா கோவிலில் மண்டியிட்டு அழுதேன். சாயங்காலம் திரும்பி வந்தார், கட்டு இல்லை. விரல் நன்றாகத்தான் இருந்தது, மையும் இருந்தது. எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தார்.

கல்யாணம் நடந்தது, பாஸ்போர்ட் வந்தது. அவர் பிரான்சுக்குப் புறப்பட மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த நாள் காலையில் வீடு முழுக்க உறவுக்காரர்கள். தாத்தா மெடல் இல்லாத கோட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா என்னைப் பக்கத்தில் அழைத்துத் தலையைத் தடவினார். அப்போதுதான் பார்த்தேன். மற்ற நகங்களை எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தார். இடதுகை ஆள்காட்டி விரலில் மட்டும் நகம் அசிங்கமாக நீண்டு, நுனியில் கறுப்பாக ஒரு கீற்று நின்றது. என் விரலில் இருந்ததை அம்மா எப்போதோ நகத்தோடு வெட்டி எறிந்துவிட்டார்.

எங்கள் கான்வென்டில் திங்கட்கிழமை தோறும் சிஸ்டர் நகம் பார்ப்பார், அழுக்கு இருந்தால் ஸ்கேலால் அடிப்பார். பிரான்சில் சிஸ்டர்கள் இன்னும் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவின் நகவெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

“சித்தப்பா, இந்த விரலை மறந்துட்டீங்க.”

அவர் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். “இருக்கட்டும் பாப்பா” என்றார். பஸ் புறப்படும் வரை அந்தக் கையை அவர் விரிக்கவே இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் அவர் மேல் உண்மையாகக் கோபம் வந்தது. அந்த மை அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது என்றால், நான் வைத்தபோது ஏன் அடித்தார்?