தொன்னையும் கையுமாய் என் கணவர்

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வைக்கிற உத்தேசமும் இல்லை.

மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனித் திருவிழாவில் நாயன்மார்கள் வீதி உலா வரும் அறுபத்து மூவர் அன்று எங்கள் வீடுகளில் மதியத்துக்கு மேல் அடுப்பு எரியாது. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புளியோதரையும் சுண்டலும் மோரும் கொடுப்பார்கள். டாக்டரும் வாங்குவார், ஆட்டோக்காரரும் வாங்குவார். வேண்டாம் என்றால் கொடுக்கிறவர் முகம் வாடிப்போகும். அன்றைக்கு வாங்கிக்கொள்கிறவர்தான் உபகாரம் செய்கிறவர்.

என் கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி பார்க்கச் செருப்பில்லாமல்தான் போவார். கூட்டத்தில் கசங்கத்தானே போகிறது என்று, இருப்பதிலேயே பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக ஷேவ் செய்யவில்லை, சோம்பல். நானாவது சும்மா இருந்திருக்கலாம். மகள் சொல்லிக் கொடுத்ததிலிருந்து சின்னச் சின்ன வீடியோ எடுத்துப் போடும் பைத்தியம் எனக்கு. மொட்டை மாடியில் வடாம் பிழிவது, தெருக் கோலப் போட்டி, எதிர் ஃபிளாட் குழந்தையின் காது குத்தல், எதையும் விட்டதில்லை. அவர் இலைத் தொன்னையில் புளியோதரை வாங்கியதையும் எடுத்தேன். மிளகாயைக் கடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ, என்ன காரம்!" என்று அவர் தவித்ததும், நான் விழுந்து விழுந்து சிரித்ததும் அதில் கேட்கும். "எங்காத்துக்காரர்" என்று எழுதிப் போட்டேன்.

நாலாம் நாள் மகள் போனில் அழுதாள். "அம்மா, என் மாமியார் பாத்துட்டா. 'உங்கப்பாவை யாரும் பாத்துக்கறதில்லையா'ன்னு கேக்கறாம்மா."

யாரோ ஒருவன் என் வீடியோவை எடுத்து, பேச்சையும் சிரிப்பையும் வெட்டிவிட்டு, வயலினை அழவிட்டு, "பெற்ற பிள்ளைகள் கைவிட, தெருவில் கையேந்தும் முதியவர்" என்று போட்டிருந்தான். கீழே ஊரே கூடி என் மகளைச் சபித்திருந்தது. பார்க்காத பெண்ணை இப்படித் திட்ட இவர்களுக்கு நாக்கு எப்படி வந்தது?

அவன் கோடம்பாக்கத்துக்காரன். அவனுடைய பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கே கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், இதுக்குப் போய் டென்ஷன் ஆவுறீங்க? பெத்தவங்கள பாத்துக்கோன்னு நல்ல விசயந்தானே சொல்லிக்கினு கீறேன்?"

"அவர் என் ஆத்துக்காரர்! எங்களுக்கு வீடு இருக்கு, பென்ஷன் வரது!"

"அது வீடியோல தெரியலையே மேடம்."

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருக்கலாம் அல்லவா? அவன் பொய் எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பை வெட்டினானே, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது.

அதன்பின் அவர் காலை நடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். பூங்காவில் கூட நடக்கிற ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்னையா சார்?" என்று கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு மகள். நங்கநல்லூரிலிருந்து வருகிறார்களாம். கையில் ஒரு அரிசிப் பை, ஒரு புது வேட்டி. மயிலாப்பூரில் கடை கடையாகக் காட்டி விசாரித்து வந்து, கீழே வாட்ச்மேனிடமும் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அவரும் பெருமையாக, "நம்ம சார்தான், ரெண்டாவது மாடி" என்று அனுப்பியிருக்கிறார்.

பழைய மாணவன் யாரோ என்று நினைத்து இவர், "வாங்கோ, உட்காருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தாத்தா, கொஞ்சம் வெளிய படிக்கட்டுக்கு வந்து வாங்கிக்கிறீங்களா? இங்க ஏசி தெரியுது."

"போனைக் கீழே இறக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, அவரைக் கேட்காமல், அவர் முகத்துக்கு நேரே போனை நீட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டார். கெட்டவர்கள் இல்லை. நல்லவர்களாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவர்கள் படியிறங்கிப் போனதும் அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அந்தக் குழந்தையை ஏன் அந்தக் கத்து கத்தினே?" என்றார். "என்னைக் கேக்காம எடுத்தது அவ மட்டுமா?"

ஒரு தடவைகூட நான் அவரைக் கேட்டதில்லை.