பின்னுக்கு இருந்த டயர்

எனக்கு வாயில் பிரேக் இல்லை என்று என் மனைவி சொல்வாள். காருக்குப் பிரேக் பிடிக்காவிட்டால் கராஜுக்குக் கொண்டுபோகலாம், உங்களை எங்கே கொண்டுபோவது என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த டயர் விஷயத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கும் அதற்குச் சிரிக்க முடியாமல் போயிற்று.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த காலம். புத்தளத்துக்குப் பக்கத்தில் கரைத்தீவில் நாங்கள் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. விமான நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடுவேன். இயந்திரக் கோளாறு என்றால் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கராஜுக்குப் போவேன். டயர் என்றால் மட்டும் புத்தளம் டவுனில் கடை வைத்திருந்த என் கூட்டாளியிடம்தான் போவேன். வேறு யாரையும் அந்தச் சக்கரங்களைத் தொட விட்டதில்லை.

அவன் புத்தளத்தான். நாங்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து, தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது துரத்தப்பட்டு வந்தவர்கள். வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய எங்கள் குடும்பத்தை அவனுடைய வாப்பாதான் கூட்டிக்கொண்டுவந்து, தன் தென்னந்தோட்டத்து மூலையில் ஒரு கொட்டில் போட்டுத் தந்தார். நாலு வருஷம் அங்கே இருந்தோம். இங்கே பள்ளிக்கூடம் போன முதல் நாள் நான் உடுத்திருந்த வெள்ளைச் சட்டை அவனுடையது. அந்த நாலு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருத்தரும், சின்னப்பிள்ளைகூட, எங்களை அகதி என்று சொன்னதில்லை. வெளியே எல்லோரும் சொன்னார்கள். விதானையார் சொன்னார், வாத்தியார் சொன்னார், தண்ணீர் வரிசையில் நின்ற பெண்கள் சொன்னார்கள். அந்தத் தோட்டத்து வேலிக்குள் மட்டும் அந்தச் சொல் வரவில்லை.

இப்போது காருக்கு வருகிறேன். அந்த நாளில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, டயர்களை முன்னுக்குப் பின்னாக மாற்றிப் போடுவதற்காக அவன் கடைக்குப் போனேன். முன் டயர்கள் தேய்ந்திருந்தன. அவன் நாலையும் கழற்றி, பின்னுக்கு இருந்ததை முன்னுக்கும் முன்னுக்கு இருந்ததைப் பின்னுக்கும் போட்டான். நட்டுகளை இறுக்கிவிட்டு, "அரை மணித்தியாலம் நில்லு மச்சான். ரிம்மெல்லாம் ஊத்தையா இரிக்கி. கழுவிட்டு பெலன்ஸ் போட்டுத் தாறன்" என்றான்.

"எனக்கு எயார்போட் ஹயர் ஒண்டு இரிக்கிடா. பொறகு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

தலவிலவுக்குப் போய் ஆளை ஏற்றினேன். கடல் தொழிலை விட்டுவிட்டு குவைத்துக்குப் போகும் இளந்தாரி அவர். கற்பிட்டி ரோட்டில் குழி பார்த்து மெதுவாக ஓட்டியதால் ஒன்றும் தெரியவில்லை. பாலாவியில் பெரிய ரோட்டுக்கு ஏறி வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. எழுபதில் கையெல்லாம் மரத்துப்போகிற அளவுக்கு ஆட்டம். ஐம்பதுக்குக் கீழே இறக்கினால் நின்றுவிடும். மறுபடி ஏற்றினால் மறுபடி நடுக்கம்.

"என்ன அண்ணே, ஸ்டியரிங்குக்கு காய்ச்சலோ?" என்று அந்த ஆள் கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. முந்தலில் நிறுத்தி நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. விமானத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அவர் மணிக்கூட்டைப் பார்க்க, ஐம்பதிலேயே ஊர்ந்து ஊர்ந்து கட்டுநாயக்கா போய்ச் சேர்ந்தேன். போகும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். காலையில் நன்றாக இருந்த கார், அவன் கை வைத்த பிறகு ஆடுகிறது. அப்படியென்றால் குற்றம் அவனுடையது. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் ரோட்டுக்குத் தார் போடவில்லையா, அகதி என்பதால். பிள்ளைக்கு நல்ல வகுப்பில் இடம் கிடைக்கவில்லையா, அகதி என்பதால். கடைக்காரன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையா, அதற்கும் அதுதான். பல தடவை அது உண்மையாகவும் இருந்தது, அதனால்தான் பழக்கமாயிற்று. பிறகு உண்மையா பொய்யா என்று பார்க்காமலேயே வாயில் வரத் தொடங்கியது.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை விட்டு ஆட்கள் வரும் நேரம் அவன் கடைக்கு முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கும்போதே சத்தம்.

"என்னடா செஞ்சு வெச்சிரிக்கிறாய் என்ட காருக்கு? ஆளைக் கொல்லப் பாத்தியா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னா மச்சான், என்ன நடந்த?"

சொன்னேன். அவன் சொன்னது ஒன்றுதான். "சரி, காரை உள்ளுக்கு எடு. பாப்பம்."

நான் எடுக்கவில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஆள் கூடினால் எனக்கு இன்னும் வாய் கூடும். "நீ பாத்தது போதும்" என்றேன். "அகதிட காருதானே, எப்பிடிப் போட்டாலும் ஓடட்டும் எண்டுதானே போட்டாய்? உங்கட ஊராள் ஒருத்தன்ட காரெண்டா இப்பிடிப் போடுவியா?"

அவன் என்னைப் பார்த்தான். நேற்று அரை மணித்தியாலம் நில்லு என்று சொன்னேனே என்று அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வாய் அத்தோடு அடைத்திருக்கும். அவன் சொல்லவில்லை. திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து இன்னொரு டயருக்குக் காற்று அடிக்கத் தொடங்கினான்.

நான் நேரே, எங்களைப் போலவே மன்னாரிலிருந்து வந்த அந்த ஊர்க்காரரின் கராஜுக்குப் போனேன். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இவங்கட வேல இப்பிடித்தான் தம்பி" என்றார். எனக்கு அது தேனாக இருந்தது. இரண்டு முன் டயரையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டியரிங்கோடு சேர்ந்த மூட்டு ஒன்றைப் புதிதாக மாற்றினார். டயர்களின் உள்பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. நாங்கள் இருவரும் புத்தளத்தாரைக் குறை சொல்லிக்கொண்டே வேலையை முடித்தோம். வெளியே எடுத்து எழுபதுக்கு ஏற்றினேன். அதே நடுக்கம்.

அடுத்த கிழமை சிலாபத்துக்கு ஹயர் போன இடத்தில், ரோட்டோரக் கராஜ் ஒன்றில் நிறுத்தினேன். மெக்கானிக் அந்தப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். உதவியாளரைச் சிங்களத்தில் ஏசிக்கொண்டே என்னோடு தமிழில் கதைத்தார். நான் கதை முழுவதையும் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆர் மாத்தினது எண்டு கேக்கேல்ல அண்ணே. இப்ப முன்னுக்கு இருக்கிற டயர் முந்தி எங்க இருந்த?"

"பின்னுக்கு."

"பின்னுக்கு இருக்கேக்க ஆட்டம் இருந்ததா?"

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் மனைவி எப்போதும் பிள்ளைகளோடு பின் ஆசனத்தில்தான் இருப்பாள். பின்னுக்குக் குறுகுறுவென்று ஆடுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். வயது போகிறது, இடுப்பு வலிக்கத்தான் செய்யும் என்று நான் பகிடி பண்ணினேன்.

அவர் இடது பக்கத்து முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்குமாக மறுபடி மாற்றிப் போட்டார். ஓடிப் பார்த்தோம். எழுபதில் ஸ்டியரிங் அசையாமல் நின்றது. ஆசனத்துக்குக் கீழே மட்டும் மெல்லிய ஆட்டம். திரும்பி வந்து அந்தச் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கத்தை எனக்குக் காட்டினார். ரிம்மின் குழிவுக்குள் ஒரு பக்கத்தில் மட்டும் சேறு காய்ந்து, சீமெந்து பூசினது மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூட்ரைவரால் குத்தி எடுத்தார். கட்டிகட்டியாக விழுந்தது. ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடினால் வேகத்தில் சக்கரம் ஆடத்தான் செய்யும் என்றார்.

"எங்க கொண்டுபோய்ச் சேத்துக்குள்ள விட்டீங்க?"

எலுவன்குளத்தில். பாதை திறந்ததும் எங்கள் பழைய காணியைப் பார்க்க மனைவி பிள்ளைகளோடு அந்தக் காட்டு வழியால்தான் மன்னாருக்குப் போனோம். காணியில் பற்றைக்கு நடுவே ஒரு கிணறும் வீட்டு அத்திவாரமும் மட்டும் இருந்தன. பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் போவோமா என்று கேட்டார்கள். திரும்பி வரும்போது எலுவன்குளத்து ஆற்றைத் தாண்டின இடத்தில் பின்சக்கரம் புதைந்தது. வயலில் நின்றவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வெளியே தெரிகிற சேற்றைக் கழுவினேன். உள்ளே கை விட்டுப் பார்க்க எனக்கு மனம் இருக்கவில்லை. அன்று எதையும் பார்க்க மனம் இருக்கவில்லை.

சிலாபத்தில் அந்தக் கராஜ் நிலத்தில் கிடந்த சேற்றுக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. என் பயணத்தில் நானே கொண்டுவந்தது அது. கழுவித் தருகிறேன் என்று அவன் சொன்னான். நிற்காமல் போனது நான். பிறகு, அவன் குடும்பம் ஒரு நாளும் சொல்லாத சொல்லை அவன் கடை வாசலில் நின்று நானே சொன்னேன்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். ஒரு மாதம் இழுத்தடித்தேன். அதற்குள் அவன் கடையில் நான் கதைத்த கதை எங்கள் குடியிருப்பு முழுக்கப் பரவி, எங்கள் ஆட்கள் சிலர் அவனிடம் போவதையே நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் மனைவிதான், "நீங்க போறீங்களா, நான் போய் மன்னிப்புக் கேக்கவா?" என்றாள்.

போனேன். இந்த முறையும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சேறு, பின் டயர், அவன் நில்லு என்று சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. "அல்லாவுக்காக என்னை மன்னிச்சுக்கோடா" என்றேன்.

"அதெல்லாம் பரவால்ல. மனிசனுக்குக் கோவம் வாறதுதானே" என்றான். பிறகு, "காரை உள்ளுக்கு எடுங்க" என்றான்.

எடுங்க. இருபது வருஷத்தில் அவன் என்னை நீங்க என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

நாலு ரிம்மையும் உள்ளும் வெளியும் கழுவினான். ஒவ்வொன்றாக பெலன்ஸ் போட்டான். தேநீர் வாங்கித் தந்தான், வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தான். டயர்களைப் பூட்டி நட்டுகளை இறுக்கி முடித்ததும் எழும்பி நின்று, அந்த ஸ்பேனரை என் பக்கமாக நீட்டினான்.

"நீங்களே ஒருக்கா இறுக்கிப் பாத்துக்கோங்க."

குத்திக்காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் கோபமே இல்லை. என்னை நம்பி இனி வேலை செய்ய முடியாது என்று அவன் முடிவெடுத்திருந்தான், அவ்வளவுதான். நான் குந்தியிருந்து ஒவ்வொரு நட்டாக இறுக்கிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டேன். காரும் மாறிவிட்டது. மற்றவர்களுக்கு வேலையை முடித்துவிட்டு, போகச் சொல்லித் தலையாட்டுவான். எனக்கு மட்டும் ஸ்பேனரை நீட்டுவான். நானும் வாங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்க நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து இறுக்குவேன். இதுவரை ஒரு நட்டுக்கூட அசைந்ததில்லை.